மாறுநிலை விபத்தைக் கணினியில் உருவகப்படுத்துதல்: பெருக்கக் காரணி மட்டும் போதுமா?

நியூட்ரான்மாணவி:

அனைவருக்கும் வணக்கம். அணுக்கருப் பொறியியலில் முதுகலை பயிலும் நான், ஓபன்எம்சி என்ற நியூட்ரான் உருவகப்படுத்தல் நிரலைக் கொண்டு மாறுநிலைக் கணக்குகளை, அதாவது அணுப்பிளவுத் தொடர்வினை தானாகவே நீடிக்குமா என்ற கணக்குகளை, பழகி வருகிறேன். எல்லோரையும் போலக் 'கொடைவா'வில்தான் தொடங்கினேன். 8.74 செ.மீ. ஆரமும் ஏறத்தாழ 52.4 கிலோ நிறையும் கொண்ட, சுற்றிலும் நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பும் எதிரொளிப்பான் எதுவுமில்லாத, உயர்செறிவு யுரேனியக் கோளம் அது. பெருக்கக் காரணி (ஒரு தலைமுறை நியூட்ரான்களுக்கு அடுத்த தலைமுறையில் எத்தனை என்ற விகிதம்; 1 என்றால் மாறுநிலை), எதிர்பார்த்தபடியே, 1-க்கு மிக அருகில் வந்தது. அந்தத் துணிவில், 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் தோக்காய்முராவில் விபத்து நேர்ந்த வீழ்படிவுத் தொட்டியை அமைத்துப் பார்த்தேன். 18.8 விழுக்காடு செறிவூட்டப்பட்ட யுரேனைல் நைட்ரேட் கரைசல், அதில் சுமார் 16.6 கிலோ யுரேனியம், தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை ஆகியவற்றைக் கொடுத்ததும் பெருக்கக் காரணி 1-ஐத் தாண்டியது. உறையிலிருந்த நீரை நீக்கியதும் இறங்கியது.

இதற்கு மேல் எப்படிப் போவதென்று தெரியவில்லை. அந்தத் தொட்டியில் தொடர்வினை ஏறத்தாழ 20 மணி நேரம் நீடித்தது என்றும், மொத்தம் 2.5 × 10¹⁸ பிளவுகள் நிகழ்ந்தன என்றும் விபத்து அறிக்கைகள் கூறுகின்றன. என் கணக்கிலோ நேரம் என்ற ஒன்றே கிடையாது. பெருக்கக் காரணி 1-க்கு மேல் என்றால் நியூட்ரான்கள் பெருகிக்கொண்டே போக வேண்டும் அல்லவா? அது ஏன் வெடித்துச் சிதறவில்லை, ஏன் தானாக அணையவும் இல்லை? இதைக் கணினியில் காட்டுவதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கணிநிரல்:

வணக்கம். பெருக்கக் காரணிக் கணக்கு, அமைப்பை அசையாமல் நிறுத்திவைத்து, ஒரு தலைமுறை நியூட்ரான்களிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எத்தனை கிடைக்கின்றன என்று மட்டுமே கேட்கிறது. எவ்வளவு விரைவாக, எவ்வளவு நேரம், எத்தனை பிளவுகள் என்பவை வேறு கேள்விகள்; அவற்றுக்கு நேரத்தைச் சார்ந்த சமன்பாடுகள் தேவை.

முதலில் அளவுகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பிளவு வெளியிடும் ஆற்றல் சுமார் 200 மெகா எலக்ட்ரான்வோல்ட், அதாவது 3.2 × 10⁻¹¹ ஜூல். அப்படியானால் 2.5 × 10¹⁸ பிளவுகள் தருவது 80 மெகாஜூல், ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம். அதை 20 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் சராசரித் திறன் 1 கிலோவாட்டைச் சற்றுத் தாண்டுகிறது. இரண்டு தொழிலாளர்களின் உயிரைப் பறித்த அந்த விபத்தின் வெப்பத்திறன் அவ்வளவுதான். மனித உடலுக்குத் தீங்கு செய்தது வெப்பமன்று, அருகில் நின்றவர்களை ஊடுருவிய நியூட்ரான்களும் காமாக் கதிர்களும் ஆகும். 'ஏன் வெடிக்கவில்லை' என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

மீதி விடை தாமத நியூட்ரான்களில் இருக்கிறது. யுரேனியம்-235 பிளவில் பிறக்கும் நியூட்ரான்களில் ஏறத்தாழ 0.65 விழுக்காடு, பிளவுத் துண்டுகள் சிதைந்த பிறகே, சில பத்தில் ஒரு நொடி முதல் ஒரு நிமிடத்துக்கும் மேலான தாமதத்தோடு வெளிவருகின்றன. நீர்க்கரைசல் ஒன்றில் ஒரு தலைமுறைக்கு 50 மைக்ரோநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கக் காரணி 1.001 என்று இருந்து, எல்லா நியூட்ரான்களும் உடனடியாகப் பிறப்பவையாக இருந்தால், ஒரே நொடியில் எண்ணிக்கை ஏறத்தாழ 48 கோடி மடங்காகிவிடும். உண்மையில் 1.001 என்பது உடனடி நியூட்ரான்களை மட்டுமே கொண்டு தொடர்வினையைத் தாங்கப் போதாது. தாமத நியூட்ரான்களுக்காகக் காத்திருந்தாக வேண்டும். ஆகவே எண்ணிக்கை மூன்று மடங்காகக்கூட ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கும். பெருக்கக் காரணி 1.0065-ஐ ஒட்டிக் கடக்கும்போதுதான் உடனடி மாறுநிலை என்ற கொடிய எல்லை வருகிறது. உங்கள் நிரல் 1.003 என்று சொல்வதும் 1.010 என்று சொல்வதும் தாளில் சிறு வேறுபாடாகத் தோன்றலாம். தொட்டியின் அருகில் நிற்பவருக்கு அவை இரண்டு வேறு உலகங்கள்.

தொடங்குவதற்குப் புள்ளி இயக்கவியல் சமன்பாடுகளும் (தொட்டி முழுவதையும் ஒரே புள்ளியாகக் கொண்டு, நேரத்தோடு திறன் மாறுவதைக் கணக்கிடுபவை), ஆறு தாமத நியூட்ரான் குழுக்களும், வெப்பநிலையும் வாயுக்குமிழிகளும் பெருக்கக் காரணியை எவ்வளவு மாற்றுகின்றன என்பதைக் குறிக்கும் இரண்டு பின்னூட்டக் கெழுக்களும் போதும். அந்தக் கெழுக்களைத் தாங்கள் ஏற்கெனவே அறிந்த நிரலிலிருந்தே பெறலாம்: கரைசலை 20 பாகை சூடாக்கி ஒரு முறை, அதில் 1 விழுக்காடு வெற்றிடத்தைச் சேர்த்து ஒரு முறை பெருக்கக் காரணியைக் கணக்கிட்டால், வேறுபாடே கெழுவைத் தரும்.

சரிபார்ப்பவன்:

கணிநிரல் அவர்களின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நேரத்தைச் சேர்ப்பதற்கு முன், கையிலிருக்கும் பெருக்கக் காரணியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை மாணவி உறுதி செய்துகொள்ள வேண்டும். 'எதிர்பார்த்தபடியே 1-க்கு அருகில் வந்தது' என்ற வரி எனக்குக் கவலை தருகிறது. கொடைவா வேக நியூட்ரான்களில் இயங்கும் உலோகக் கோளம். தோக்காய்முராத் தொட்டியோ, நீரில் மோதி வேகம் குறைந்த வெப்ப நியூட்ரான்களில் இயங்கும் கரைசல். முன்னதில் சரியாக வருவது பின்னதற்குச் சான்றாகாது. பன்னாட்டு மாறுநிலைப் பாதுகாப்பு ஒப்பளவுத் திட்டத்தின் கையேட்டில், தாழ்செறிவு மற்றும் இடைச்செறிவு யுரேனியக் கரைசல் சோதனைகள் தனிப் பிரிவுகளாகவே உள்ளன. அவற்றில் தங்கள் தொட்டியின் செறிவூட்டலுக்கும் அடர்த்திக்கும் நெருங்கிய பத்துப் பன்னிரண்டையாவது முதலில் செய்து, நிரலும் தரவு நூலகமும் சேர்ந்து எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள்.

கரைசல்களில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. நீரிலுள்ள ஹைட்ரஜன் தனி அணுவன்று, மூலக்கூறில் பிணைந்தது. அறை வெப்பநிலையில் நியூட்ரான் அதன்மீது மோதும்போது அந்தப் பிணைப்பு கணக்கில் வர வேண்டும். இதற்கான வெப்பச் சிதறல் தரவைப் பொருள் வரையறையில் தனியாக இணைக்க வேண்டும். இணைக்காவிட்டாலும் நிரல் மறுப்பு எதுவும் சொல்லாது; புள்ளியியல் பிழையை மிகச் சிறியதாகக் காட்டி, உறுதியான தோற்றத்தில் தவறான விடையையே தரும். மான்டி கார்லோ (நியூட்ரான்களைத் தற்செயல் எண்களால் ஒவ்வொன்றாகப் பின்தொடரும் முறை) அச்சிடும் பிழை எல்லை, எத்தனை நியூட்ரான்களைப் பின்தொடர்ந்தோம் என்பதை மட்டுமே அளக்கிறது. தரவின் பிழையும் மாதிரியின் பிழையும் அதற்குள் வருவதில்லை.

இன்னொன்று, பிளவு மூலத்தின் பரவல், அதாவது எந்தெந்த இடத்தில் எவ்வளவு பிளவு நிகழ்கிறது என்பது, கணக்கில் நிலைபெறுதல். 1971-இல் வைட்சைட்ஸ் முன்வைத்த புகழ்பெற்ற புதிர் இதைப் பற்றியதே: 9 × 9 × 9 என்ற வரிசையில் புளூட்டோனியக் கோளங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன, நடுவிலுள்ள ஒரே ஒரு கோளத்தைத் தனியாகவே மாறுநிலை அடையக்கூடிய கோளமாக மாற்றினால், அமைப்பின் பெருக்கக் காரணி 1-க்குக் குறையவே முடியாது. ஆனால் தொடக்க நியூட்ரான்களை 729 கோளங்களுக்கும் சமமாகப் பகிர்ந்துவிட்டு, போதிய சுற்றுகளைக் கழிக்காமல் சராசரி எடுத்தால், நிரல் அந்த ஒரு கோளத்தைக் காணாமலேயே போய்விடும். இன்று, அந்தப் பரவலை ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டும் ஷானன் என்ட்ரோபியின் வரைபடத்தைப் பார்த்து மூலம் நிலைபெற்றதா என்று அறிய முடிகிறது. ஒற்றைத் தொட்டிக்கு இது பெரிய இடையூறன்று. பல தொட்டிகள் உள்ள கிடங்கை ஒருநாள் செய்யும்போது தவறாமல் நினைவில் கொள்ளுங்கள்.

பழையஏடு:

இருவரும் நிரலின் உட்புறத்தைப் பற்றி எழுதியுள்ளனர். நான் விபத்துகளின் பக்கமிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். லாஸ் அலமோஸ் ஆய்வகம் 2000-இல் திருத்தி வெளியிட்ட மாறுநிலை விபத்துத் தொகுப்பில் 60 விபத்துகள் உள்ளன. அவற்றுள் 22 எரிபொருள் பதப்படுத்தும் ஆலைகளில் நேர்ந்தவை. அந்த 22-இல் 21 கரைசலிலோ குழம்பிலோ நிகழ்ந்தவை. திரவத்துக்கு நிலையான வடிவமில்லை என்ற எளிய உண்மை இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கிறது. நாம் கணினியில் வரைவதோ எப்போதும் அமைதியாக நிற்கும் திரவத்தைத்தான்.

1958 டிசம்பர் 30 அன்று லாஸ் அலமோஸில் நேர்ந்ததைக் கூர்ந்து பாருங்கள். அகன்ற உருளைத் தொட்டி ஒன்றில், கீழே நீர்க்கரைசல், அதன்மேல் சுமார் 20 செ.மீ. தடிப்பில் கரிமக் கரைப்பான் அடுக்கு. மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட புளூட்டோனியம் அந்த மேலடுக்கில் இருந்தது. தட்டையாகப் பரந்து கிடந்தவரை, நியூட்ரான்கள் மேலும் கீழும் கசிந்து வெளியேறியதால் அது மாறுநிலைக்குக் கீழேயே இருந்தது. தொட்டியை இயக்கிய ஊழியர் கலக்கியை முடுக்கினார். கீழிருந்த நீர் சுவரை நோக்கித் தள்ளப்பட்டுக் கிண்ணம்போல் குழிந்தது. மேலடுக்கு அந்தக் குழிவுக்குள் இறங்கி நடுவில் தடித்தது. மாறுநிலையைக் கடக்க அந்தத் தடிப்பே போதுமானதாக இருந்தது. கலக்கல் தொடர்ந்ததால் இரண்டு திரவங்களும் கலந்து நீர்த்துப்போக, தொடர்வினை நின்றது. தொட்டியின் பார்வைச் சாளரத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊழியர் இரண்டு நாட்களுக்குள் இறந்தார்.

இதற்கு நேரெதிராக, 1964 ஜூலை 24 அன்று ரோட் ஐலண்டின் உட் ரிவர் ஜங்ஷன் ஆலையில், கலக்கி ஓடிக்கொண்டிருந்த தொட்டியில் செறிந்த யுரேனியக் கரைசலை ஊற்றியபோது முதல் வெடிப்பலை (தொடர்வினையின் திடீர் எழுச்சி) நேர்ந்தது. பின்னர் மேற்பார்வையாளர்கள் உள்ளே சென்று கலக்கியை நிறுத்தினர். கலக்கியால் உண்டாகியிருந்த சுழிப்பள்ளம் மூடிக்கொண்டு திரவம் திரண்டதும் இரண்டாம் முறை மாறுநிலை எட்டப்பட்டது. ஓரிடத்தில் கலக்கியைத் தொடங்கியதும், மற்றோரிடத்தில் அதை நிறுத்தியதுமே வடிவத்தை மாற்றியிருக்கின்றன. இரண்டிலும் திரவத்தின் நிறை மாறவில்லை, செறிவு மாறவில்லை. நிறையையும் செறிவையும் மட்டும் மாறிகளாக வைத்து எத்தனை ஆயிரம் கணக்குகளை ஓட்டினாலும், இந்த இரண்டு நிலைகளும் அவற்றில் வந்திருக்கமாட்டா.

1970 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டனின் விண்ட்ஸ்கேலில் நேர்ந்ததும் இவ்வகையே. பரிமாற்றக் கலத்தில் யாரும் அறியாமல் தங்கிவிட்ட கரைப்பான், வழியாகச் சென்ற நீர்த்த கரைசல்களிலிருந்து புளூட்டோனியத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சிச் செறிந்துகொண்டே வந்தது. உள்ளே திரவங்கள் எப்படி ஓடின என்பதைப் புரிந்துகொள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் கலத்தின் மாதிரி ஒன்றைச் செய்து, கண்ணால் பார்த்தே காரணத்தைக் கண்டார்கள்.

ஆகவே, மாணவி அவர்களே, தங்கள் நிரல் எவ்வளவு நுணுக்கமானது என்பதைவிட, எந்தெந்த நிலைகளை அதனிடம் கேட்கிறீர்கள் என்பதே முதன்மையானது. மாதிரியை வரையும் முன், அந்தத் தொட்டியை நாள்தோறும் இயக்குபவரிடம், கலக்கி எப்போது ஓடும், குழாய் எங்கே அடைக்கும், மிச்சம் எங்கே தேங்கும் என்று கேட்டெழுதுங்கள்.

உலைக்காவல்:

மேலே எழுதியவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. எனினும் இந்த விவாதம் போகும் திசையில் எனக்கு உடன்பாடில்லை. மாறுநிலைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவருக்குத் தேவை, எந்தச் சூழலிலும் பெருக்கக் காரணி 0.95-ஐத் தாண்டக்கூடாது என்ற வழக்கமான வரம்பும், இரண்டு சார்பற்ற தவறுகள் ஒருசேர நேர்ந்தாலன்றி விபத்து நிகழக்கூடாது என்ற இரட்டைத் தற்காப்பு விதியுமே. தோக்காய்முராவில் ஒரு முறைக்கு 2.4 கிலோ யுரேனியம் என்ற வரம்பு இருந்தது; ஏழு முறைக்கான கரைசல் ஒரே அகன்ற தொட்டியில் கொட்டப்பட்டது. குறுகி உயர்ந்த கலன்களைப் பயன்படுத்தியிருந்தால், எவ்வளவு நிரப்பினாலும் நியூட்ரான்கள் பக்கவாட்டில் கசிந்துவிடும், கணினியே தேவைப்பட்டிருக்காது. விபத்து நேர்ந்த பின் எத்தனை பிளவுகள், எத்தனை குமிழிகள் என்று கணக்கிடுவதில் செலவாகும் உழைப்பை, அது நேராமல் தடுப்பதில் செலவிடலாம் அல்லவா? மாணவர்கள் கவர்ச்சியான கணக்கை நோக்கி ஓடிவிடக்கூடாது என்ற அக்கறையில் எழுதுகிறேன்.

கணிநிரல்:

உலைக்காவல் அவர்களே, வடிவத்தால் வரும் பாதுகாப்பே முதலில் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தோக்காய்முராவின் மீதிக் கதை தங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. அங்கே மாறுநிலை விபத்து நேரக்கூடும் என்றே கருதப்படவில்லை. அதற்கெனத் தனி எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. காமா கண்காணிகள்தான் ஒலித்தன. காலை 10:35-க்குத் தொடங்கிய தொடர்வினையை எப்படி நிறுத்துவது என்று முன்கூட்டி யாரும் கணக்கிட்டு வைத்திருக்கவில்லை. 350 மீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றி, 10 கிலோமீட்டர் வரை உள்ளவர்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்ன நிலையில், மறுநாள் விடியுமுன் ஊழியர்கள் முறைவைத்துச் சில நிமிடங்கள் மட்டும் நெருங்கிச் சென்று குளிர்நீர் உறையை வடித்தார்கள். காலை 6:15 அளவில் தொடர்வினை நின்றது. அதன் பிறகே நியூட்ரான்களை உறிஞ்சும் போரிக் அமிலம் செலுத்தப்பட்டது.

அந்த நீர் உறை இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது என்பதை மாணவி கவனிக்க வேண்டும். ஒன்று, கசியும் நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பியது. மற்றொன்று, கரைசலின் வெப்பத்தை எடுத்துச் சென்றது. கரைசல் சூடானால் பெருக்கக் காரணி இறங்கி வினை அடங்கப் பார்க்கும். ஓடும் நீரோ அதைக் குளிர்வித்து மீண்டும் மாறுநிலைக்கே கொண்டுவரும். உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமனாகும் திறனில் தொட்டி தானாகவே போய் நின்றுகொண்டது. தாங்கள் முதலில் கேட்ட 'ஏன் அணையவில்லை' என்பதற்கு விடை இதுதான், இதைப் பெருக்கக் காரணி ஒன்றிலிருந்து படித்தறிய முடியாது. எச்சரிக்கைக் கருவியை எங்கே வைப்பது, எவ்வளவு சிறிய வெடிப்பலையை அது உணர வேண்டும், மீட்புக் குழு எவ்வளவு நேரம் நெருங்கலாம் என்பவை எல்லாம் இந்த நேரஞ்சார்ந்த கணக்கிலிருந்தே வருகின்றன. தடுப்பதும் தயாராக இருப்பதும் ஒரே கடமையின் இரண்டு பகுதிகள்.

நியூட்ரான்மாணவி:

உறை இரண்டு வேலைகளைச் செய்தது என்ற விளக்கம் எனக்குப் பெரிய திறப்பாக அமைந்தது. அனைவருக்கும் நன்றி. வெப்பநிலைக் கெழுவைப் பெற்றுவிட்டேன். ஆனால் குமிழிகளை எப்படிக் கையாள்வது என்று புரியவில்லை. அவை எப்போது தோன்றும், எவ்வளவு நேரம் தங்கும்? முதல் வெடிப்பலையை அடக்குவது அவைதானா, வெப்பமா?

கணிநிரல்:

இரண்டும்தான், எது முந்துகிறது என்பது எவ்வளவு விரைவாக மாறுநிலை கடக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பிளவுத் துண்டுகள் நீரைச் சிதைத்து ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. தொடக்கத்தில் அது கரைந்தே இருக்கும். கரைதிறன் வரம்பைத் தாண்டிய பிறகே நுண்குமிழிகளாகி, கரைசலை விரியச் செய்து, கசிவைக் கூட்டித் தொடர்வினையை அடக்குகின்றன. குமிழிகள் மேலெழுந்து வெளியேறியதும் பெருக்கக் காரணி மீண்டும் உயர, இரண்டாம் உச்சி வருகிறது. பதிவுகளில் காணும் ஏற்ற இறக்கங்களுக்கு இதுவே காரணம். ஆகவே மாதிரியில் மூன்று எண்கள் தேவை: ஓர் அலகு ஆற்றலுக்கு உண்டாகும் வாயு, குமிழி தோன்றுவதற்கான செறிவு வரம்பு, குமிழி எழும் வேகம். இவற்றை யூகிக்காமல், சோதனைத் தரவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பிரான்சின் வால்டூக்கில் 1968 முதல் 1972 வரை நடந்த கிராக் சோதனைகளும், அங்கேயே 1974 முதல் 2010 வரை இயங்கிய சிலேன் உலையும், ஜப்பானின் தோக்காயில் 10 விழுக்காடு செறிவூட்டிய கரைசலைக் கொண்டு நடந்த டிரேசி சோதனைகளும் இதற்கெனவே செய்யப்பட்டவை. தங்கள் தொட்டியின் செறிவூட்டலுக்கு டிரேசியே நெருக்கமானது. புள்ளி இயக்கவியலில் இயங்கும் ஆக்னஸ் நிரல் ஜப்பானில் இவற்றுக்காக உருவானது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான ஃபெட்ச், நியூட்ரான் பரவலையும் திரவ ஓட்டத்தையும் இணைத்தே தீர்க்கிறது. பழையஏடு அவர்கள் சொன்ன கலக்கி விபத்துகளுக்கு இரண்டாம் வகையே பொருந்தும்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். யுரேனியத்தில் தன்னியல்பாகப் பிறக்கும் நியூட்ரான்கள் மிகக் குறைவு. பெருக்கக் காரணி 1-ஐத் தாண்டிய பின்னரும், அணையாமல் நிலைக்கும் முதல் சங்கிலி தொடங்கச் சற்று நேரம் ஆகலாம். அது முற்றிலும் தற்செயல். அதற்குள் இன்னும் கொஞ்சம் கரைசல் ஊற்றப்பட்டுவிட்டால் முதல் வெடிப்பலை பெரிதாகிவிடும். எனவே ஒரே கணக்கை ஒரே முறை ஓட்டிப் பெற்ற உச்சித்திறனை விடையாகக் கொள்ளாமல், தொடக்க நேரத்தை மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டிப் பரவலாகக் காட்டுங்கள்.

உலைக்காவல்:

எச்சரிக்கைக் கருவியின் இடத்தைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். முன்னேற்பாட்டுத் திட்டங்களில் இக்கணக்குகளுக்கு இடமுண்டு. ஆனால் 0.95 என்ற வரம்பைத் தளர்த்துவதற்கு இவற்றை யாரும் சான்றாகக் காட்டக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

சரிபார்ப்பவன்:

அந்த உறுதியில் நானும் உங்களோடு நிற்கிறேன். அதே வேளையில் 0.95-இன் பொருள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதையும் சேர்க்க வேண்டும். ஓர் உலோக அமைப்பில் 0.95-இலிருந்து 1-ஐ எட்டத் தேவைப்படும் கூடுதல் நிறையும், நீர்த்த கரைசலில் தேவைப்படும் கூடுதல் நிறையும் வெகுவாக வேறுபடும். இடைவெளியைப் பெருக்கக் காரணியில் மட்டும் குறிக்காமல், எத்தனை லிட்டர், எத்தனை சென்டிமீட்டர் என்றும் எழுதி வைப்பது ஆலையில் இருப்பவருக்குப் புரியும்.

பழையஏடு:

ஃபுகுஷிமாவின் உருகிய எரிபொருள் எச்சங்கள் குறித்து ஒரு சிறு குறிப்பு. அங்கே எரிபொருளும் கான்கிரீட்டும் உலோகமும் எந்த ஒழுங்குமின்றிக் கலந்து கிடப்பதால், வடிவம் இதுதான் என்று வரைய வழியே இல்லை. இத்தகைய ஒழுங்கற்ற கலவையைத் தற்செயல் பரவலாகவே உருவாக்கிக் கணக்கிடுவதற்கு, ஜப்பான் அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் சாலமன் என்ற மான்டி கார்லோ நிரலை எழுதியுள்ளனர். கலக்கி விபத்துகளில் அறியப்படாத வடிவம் ஒன்று இருந்தது. இங்கே எல்லா வடிவமும் அறியப்படாதவை.

நியூட்ரான்மாணவி:

இதுவரை கிடைத்த அறிவுரைகளைக் கொண்டு என் திட்டத்தை மாற்றியமைத்துள்ளேன். முதலில் கையேட்டிலுள்ள கரைசல் சோதனைகள். பின்னர் வெப்பச் சிதறல் தரவை இணைத்தும் இணைக்காமலும் தொட்டிக் கணக்கு. அதன்பின் டிரேசிச் சோதனை ஒன்றோடு என் புள்ளி இயக்கவியல் மாதிரியை ஒப்பிடுவது. ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது: நீர் உறையை வடிக்கும் கட்டத்தில், நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து ஒவ்வொரு மட்டத்துக்கும் தனித்தனியே பெருக்கக் காரணியைக் கணக்கிட்டால் போதுமா?

சரிபார்ப்பவன்:

போதும், ஐந்தாறு மட்டங்களைக் கணக்கிட்டு, இடைப்பட்டவற்றை வளைகோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு மட்டத்திலும் கரைசலின் வெப்பநிலையை அந்த நேரத்துக்கு ஏற்றவாறு கொடுங்கள். உறை வடியும்போது எதிரொளிப்பும் குளிர்விப்பும் ஒருசேரக் குறைகின்றன. அறை வெப்பநிலையிலேயே எல்லா மட்டங்களையும் கணக்கிட்டால், தொடர்வினை எந்த மட்டத்தில் நிற்கும் என்பதில் தவறு வரும். கடைசியாக, உறை முழுவதும் வடிந்து, கரைசல் நன்கு ஆறிய பின்னரும் பெருக்கக் காரணி 1-க்குக் கீழேதான் இருக்கிறதா என்று தனியாக ஒரு கணக்கு போடுங்கள். போரிக் அமிலம் ஏன் தேவைப்பட்டது என்பது அதில் தெரியும்.